தழும்புக்கு ஒரு காலண்டர், பாலிசிக்கு ஒரு காலண்டர்

அதிரசம் சுடும்போது எண்ணெய்ச் சட்டி சாய்ந்து அம்மாவின் இடது கை வெந்தது. அதற்கு ஆன ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து முழங்கை மடிப்பில் ஒட்டிய ஆபரேஷன், பெட் வாடகை, மருந்து எல்லாம் கேஷ்லெஸ். எங்கள் கம்பெனி குரூப் பாலிசியில் அப்பா அம்மாவுக்கு ஆகும் செலவில் 20 சதவீதத்தை நாம் போட வேண்டும். அதை மட்டும் கட்டினோம். காயமும் ஆறியது. ஆறின பிறகுதான் கை மடங்க ஆரம்பித்தது. அந்தக் கையை மறுபடி நீட்ட வைக்க ஆன செலவு, ஆபரேஷன் செலவோடு ஒப்பிட்டால் சில்லறைதான். ஆனால் அந்தச் சில்லறைக்குத்தான் இத்தனை கடிதப் போக்குவரத்தும்.

நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அம்மா காரிமங்கலம் பக்கம், ஊரில், இரண்டு கறவை மாடுகளோடு. காலையில் பால் கேனை இடது கையில் தொங்கவிட்டு சொசைட்டிக்கு நடப்பதுதான் அவருக்குத் தினசரி வேலை. முழங்கை நீளாவிட்டால் கேன் இடுப்பில் இடிக்கும். கொடியில் துணி எட்டாது. மாட்டுக் கயிறு இழுத்தால் ஒட்டுத் தோல் விண்ணென்று வலிக்கும். ஊரில் யாராவது “கை எப்படி இருக்குது?” என்று கேட்டால் அம்மா தழும்பைக் காட்ட மாட்டார், கையை நீட்டிக் காட்டுவார், பாதியில் நிற்கும். “இதுக்கு மேல வர மாட்டேங்குது கண்ணு” என்பார்.

தழும்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் இன்சூரன்ஸ் சண்டையும் புரியும். காயம் மூடியவுடன் உடம்பு அவசரமாகக் கொலாஜன் என்ற நாரை அள்ளிப் போட்டு அந்த இடத்தை அடைக்கிறது. முதலில் போடுவது மூன்றாம் வகைக் கொலாஜன், அடுக்கு ஒழுங்கில்லாமல் கிடக்கும். பிறகு மெதுவாக அதைப் பிரித்து, உறுதியான முதலாம் வகையை வைத்து, இழுவிசை வரும் திசைக்கேற்ப வரிசைப்படுத்துகிறது. இந்த இரண்டாவது வேலை முடிய ஒரு வருஷம் ஆகலாம், தீக்காயமென்றால் இரண்டு வருஷம்கூட. எல்லாம் முடிந்த பின்னும் தழும்பின் பலம் பழைய தோலில் சுமார் 80 சதவீதம்தான். இதற்கிடையில் காயத்தை மூட வந்த சில செல்கள், தசை நாரைப் போல இழுத்துச் சுருக்கும் குணம் உள்ளவை, தங்கள் வேலை முடிந்தது தெரியாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். முதல் ஆறு மாதம்தான் அந்த இழுப்பு அதிகம். முழங்கை, கழுத்து, அக்குள், விரல் மடிப்பு போன்ற இடங்களில் அது மூட்டையே மடக்கிவிடும்.

கூடவே மனுஷ சுபாவமும் சேர்கிறது. வெந்த கையை யாரும் நீட்டி வைத்துக்கொள்ள மாட்டார்கள். மடித்து நெஞ்சோடு அணைத்து வைத்தால்தான் வலி குறைவு. தீக்காய வார்டுகளில் அடிக்கடி சொல்வார்கள்: வலியில்லாத நிலைதான் கை இறுகும் நிலை. அம்மா தூக்கத்தில்கூட அப்படித்தான் படுத்திருந்தார்.

ஊர் வைத்தியங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கை வெந்த அன்று பக்கத்து வீட்டு அத்தை டூத்பேஸ்ட்டோடு ஓடி வந்தார். நல்லவேளை, தம்பி அதற்குள் குழாயடியில் கையை நீட்டி வைத்திருந்தான். வெந்தவுடன் 20 நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீர், அதற்கு ஈடாக வேறெதுவும் கிடையாது; பேஸ்ட், இங்க், மாவு எல்லாம் டாக்டர் சுரண்டி எடுக்க வேண்டிய கூடுதல் குப்பை. பிற்பாடு கை மடங்கியபோது “புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றவர்களும் உண்டு. எலும்பு முறிவுக்கே அதைப் பற்றி எனக்குத் தயக்கம். ஒட்டுத் தோலைக் கொண்டுபோய் இறுக்கிக் கட்ட வைப்பதை நினைத்தே பார்க்க முடியவில்லை.

சர்ஜன் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் சின்ன வயசுப் பெண். அம்மா முதல் நாளிலிருந்தே “பாப்பா” என்றுதான் கூப்பிட்டார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார் அந்தப் பெண். முதலில் கையைத் தொடவே இல்லை. ஒட்டின் ஓரம் முழுக்க வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது பொருக்கு இருக்கிறதா, ஈரம் கசிகிறதா என்று. பிறகு கோனியோமீட்டரை எடுத்தார். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தது போல் இருக்கும். அதை முழங்கை மேல் வைத்து அளந்து நோட்டில் எழுதினார்: நேராக நீள 40 டிகிரி குறைவு. எனக்கு அப்போது அந்த எண்ணின் மதிப்பு தெரியாது. பிற்பாடு பணத்தைக் கொண்டு வந்ததே அந்த எண்தான்.

அப்புறம் வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசரை ஒரு பொட்டு எடுத்துத் தடவினார். ஒட்டிய தோலில் வியர்வைச் சுரப்பியும் எண்ணெய்ச் சுரப்பியும் வேலை செய்வதில்லை; அதனால் அது காய்ந்து வெடிக்கும், நாள்தோறும் தடவியே ஆக வேண்டும் என்றார். கட்டைவிரலைத் தழும்பின் மேல் வைத்து, சிவந்த நிறம் வெளுக்கும் வரை அழுத்தினார். வெளுத்ததும் அதற்கு மேல் அழுத்தவில்லை. அழுத்திய விரலை எடுக்காமல், தோலின் மேல் வழுக்காமல், தோலையும் சேர்த்தே சின்ன வட்டமாக நகர்த்தினார். விரல் தோலின் மேல் ஓடினால் அது வெறும் தேய்ப்பு, தோல் அடிச்சதையின் மேல் நகர்ந்தால்தான் சிகிச்சை என்று எனக்குப் புரியும்படி இரண்டையும் என் கையிலேயே செய்து காட்டினார். வட்டம் முடிந்து தழும்பின் குறுக்கே, பிறகு நீளவாக்கில். கடைசியில் தழும்பை இரண்டு விரலால் சிட்டிகை போலக் கிள்ளித் தூக்கி மெதுவாக உருட்டினார். சில இடத்தில் தோல் எழுந்து வந்தது. மடிப்பின் நடுவில் கயிறு போல ஓடிய ஒரு இடத்தில் வரவே இல்லை.

“இந்த இடந்தாம்மா கையைப் பிடிச்சு வெச்சிருக்கு. இதை இப்படியே பிடிச்சுக்கறேன், நீங்க மெதுவா நீட்டுங்க.”

“வலிக்குது பாப்பா.”

“இழுக்கற மாதிரி இருந்தா சரி. எரியற மாதிரி இருந்தா உடனே சொல்லுங்க, நிறுத்திடலாம்.”

பத்து நிமிடத்தில் தழும்பு வேலை முடிந்தது. மீதி நேரம் முழுக்கக் கையை நீட்டுவது, மடக்குவது, எடை தூக்குவது. ராத்திரிக்குக் கையை நீட்டி வைக்கும் ஸ்ப்ளிண்ட். கூடவே தழும்பை அழுத்திப் பிடிக்கும் இறுக்கமான உறை, பிரஷர் கார்மென்ட், ஒரு நாளில் 23 மணி நேரம், குளிக்கவும் தடவிவிடவும் மட்டும் கழற்றலாம். ஏப்ரல் மாதத் தர்மபுரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தீவனம் வைப்பதென்றால் என்னவென்று அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அரிப்பு வேறு. தீக்காயத் தழும்பில் அரிப்பு வராதவர்கள் குறைவு.

இந்தத் தழும்பு மசாஜைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி மிகை. தழும்பை உடைக்கிறோம், கரைக்கிறோம் என்று சில கிளினிக் விளம்பரங்கள் சொல்கின்றன. முதிர்ந்த கொலாஜனைக் கட்டைவிரலால் உடைக்க முடியாது. இது பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மசாஜ் செய்து ஒவ்வொரு விதமாக அளந்தவை. தீக்காயத் தழும்பில் அரிப்பும் வலியும் குறைகின்றன, தோல் கொஞ்சம் இளகுகிறது என்ற அளவுக்கு அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு நான் கண்ணால் பார்த்ததும் அவ்வளவுதான்: தடவி இளக்கிய பத்து நிமிடத்துக்குப் பின் கை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நீண்டது, அந்த நேரத்தில் பயிற்சி செய்தார், ராத்திரி ஸ்ப்ளிண்ட் அதைப் பிடித்து வைத்தது. இதில் எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. மசாஜ் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று, எல்லாத் தழும்பும் ஒன்றல்ல. காயத்தின் எல்லைக்குள்ளேயே தடித்து நிற்பது ஒரு வகை. காது குத்திய இடத்திலும் நெஞ்சிலும் தோள்பட்டையிலும் எல்லை தாண்டி வளர்ந்துகொண்டே போகும் கீலாய்டு வேறு வகை. நம்மைப் போன்ற கருமைத் தோலில் அது அதிகம் வரும். அதற்குத் தோல் டாக்டர் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் முக்கியம். அதைத் தேய்த்துத் தேய்த்துக் காலம் கடத்தக் கூடாது. எந்தத் தழும்பானாலும் காயம் முழுக்க மூடும் முன் கை வைக்கக் கூடாது. தொட்ட இடத்தில் கொப்புளமோ கசிவோ வந்தால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம்.

பிசியோதெரபி பில்களைச் சேர்த்து எச்ஆர் வழியாக டிபிஏவுக்கு, அதாவது இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகக் கிளெய்ம் பார்க்கும் இடைநிலை நிறுவனத்துக்கு, அனுப்பினேன். திரும்பி வந்த பதில் இரண்டு வரி: அழகு சார்ந்த சிகிச்சை, பாலிசி விலக்கின்படி தர இயலாது. பில்லில் இருந்தது ‘ஸ்கார் மசாஜ்’ என்பது மட்டும். யாருடைய கை, என்ன காயம், எதற்காக என்று ஒரு எழுத்தும் இல்லை. மேஜையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கிளெய்ம் பார்க்கும் ஒருவர் அதைப் பியூட்டி பார்லர் வகையில் தள்ளியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அவர்கள் காட்டிய விலக்கை எடுத்துப் படித்தால் விஷயம் வேறு. இந்தியாவில் உடல்நலப் பாலிசிகளின் பொதுவான விலக்குகளுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒரே வாசகத்தையும் குறியீட்டு எண்ணையும் கொடுத்திருக்கிறது. எண் 08 அழகுச் சிகிச்சை பற்றியது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று தொடங்கும் அதே வாக்கியம், விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்பு நீங்கலாக என்றும் சொல்கிறது. எங்களை வெளியே தள்ளிய விலக்கிலேயே எங்களை உள்ளே விடும் வாசலும் இருந்தது. எண் 05 ஓய்வு, மறுவாழ்வு பற்றியது. அது முக்கியமாக, சிகிச்சைக்கு இல்லாமல் வெறும் ஓய்வுக்காகவே அட்மிட் ஆவதைத் தடுக்கிறது. எண் 13 ஸ்பா, இயற்கை வைத்திய நிலையங்கள். ‘மசாஜ்’ என்று மொட்டையாக எழுதிய பில் இந்த மூன்றில் எதில் வேண்டுமானாலும் மாட்டும்.

சர்ஜனிடம் போய் ஒரு கடிதம் கேட்டேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுத்தார். தீக்காயம் பட்ட தேதி, ஒட்டு வைத்த தேதி, இடது முழங்கை நீளுவதில் 40 டிகிரி குறைவு, இந்தப் பிசியோதெரபி உள்நோயாளிச் சிகிச்சையின் தொடர்ச்சி, இதைச் செய்யாவிட்டால் இறுக்கத்தை அறுத்து விடுவிக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம். தெரபிஸ்ட் தன் பதிவு எண்ணோடு தேதிவாரியாகப் பில் எழுதி, முதல் அளவையும் கடைசி அளவையும் இணைத்தார். இதையெல்லாம் வைத்து இன்சூரன்ஸ் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மறுபடி அனுப்பினேன். 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி எந்தக் கிளெய்மையும் நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று சொல்ல வேண்டும். அதையும் ஒரு வரி சேர்த்தேன். வேலை செய்தது அந்த வரியா, டிகிரி கணக்கா என்று தெரியவில்லை, பணம் வந்தது.

பாதிப் பணம். டிஸ்சார்ஜ் ஆன தேதியிலிருந்து 60 நாளுக்குள் போன தேதிகளுக்கு மட்டும் கொடுத்து, மீதியை அடித்துவிட்டார்கள். ஸ்ப்ளிண்டுக்கும் இல்லை, கழுத்துப் பட்டை, முழங்கால் பட்டையோடு அதுவும் பொதுவாகப் பணம் தராத பொருட்களின் பட்டியலில் இருக்கிறது.

எனக்குக் கோபம் இந்த 60 நாள் மேல்தான். அட்மிஷனுக்கு முன் 30 நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் 60 நாள் என்பது 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்ய சஞ்சீவனி முதல் பல குரூப் பாலிசிகள் வரை ஓடும் கணக்கு. குடல்வால் ஆபரேஷனுக்கு அது தாராளம். தீக்காயத்துக்கு எப்படிப் பொருந்தும்? டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒட்டின் ஓரங்கள் இன்னும் பச்சையாக இருக்கும். அவை மூடி, தொடலாம் என்று சர்ஜன் சொல்வதற்குள் வாரங்கள் போய்விடும். தழும்பு ஆவேசமாக இழுக்கத் தொடங்கும் நேரமும் பாலிசியின் கதவு மூடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல் கை இறுகிப்போய்த் திரும்ப அட்மிட் ஆகி ஆபரேஷன் செய்தால் அதற்குப் பணம் உண்டு. ஆபரேஷன் வராமல் தடுக்க ஒரு தடவைக்கு 400 ரூபாய் வாங்கும் பெண்ணுக்கு இல்லை. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இன்சூரன்ஸ் கம்பெனிக்கே நஷ்டமான கணக்கு இது.

60 நாளுக்குப் பிந்தைய தேதிகளுக்காக நான் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போகவில்லை. பாலிசியில் தெளிவாக எழுதியிருப்பதை அவரும் மாற்ற மாட்டார். ஆனால் முதல் நிராகரிப்பு அப்படியே நின்றிருந்தால் கண்டிப்பாகப் போயிருப்பேன். முதலில் நிறுவனத்திடம் புகார், 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், நிராகரித்த ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு. கட்டணம் கிடையாது. குரூப் பாலிசிக்காரர்களும் போகலாம். பலர் ஏஜென்ட் சொன்ன “வராதுங்க” என்ற ஒரு வார்த்தையோடு விட்டுவிடுகிறார்கள்.

அரசுப் பக்கம் நிலைமை சில இடங்களில் மேல். எங்கள் லைனில் பிரஸ் மெஷினில் விரல் மாட்டிய பையன் ஒருவன், சம்பளம் 21,000-க்குள், அதனால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறான். அவனுக்கு இந்த 60 நாள் கணக்கே கிடையாது. விரல் மடங்கும்வரை பிசியோதெரபி இலவசம், வேலைக்கு வர முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம். அலைச்சல் இருக்கிறது, வரிசை இருக்கிறது, ஆனால் கதவு மூடுவதில்லை. தனியார் பாலிசி வைத்திருக்கிற ஆபீஸ்காரர்கள் இஎஸ்ஐயை இளக்காரமாகப் பேசும்போது எனக்கு இப்போது சிரிப்பு வருகிறது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். 2018-இலிருந்து அது ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து நடக்கிறது. அந்த ஆயுஷ்மான் தொகுப்புப் பட்டியலில் தீக்காய இறுக்கத்துக்கான ஆபரேஷனைப் பார்த்தால், ஸ்ப்ளிண்ட், பிரஷர் கார்மென்ட், தழும்பின் மேல் வைக்கும் சிலிக்கோன் ஷீட், பிசியோதெரபி எல்லாம் உட்பட என்று எழுதியிருக்கும். அதை எழுதியவருக்குத் தழும்பைப் பற்றித் தெரிந்திருக்கிறது. அட்டையில் ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் டிஸ்சார்ஜுக்கு முன்பே இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். ஊருக்கு வந்தபின் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அதேபோல் தொப்பூர் கணவாயில் சாலை விபத்தில் அடிபடுகிறவர்களுக்கு இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசம். உயிர் பிழைக்க அது பெரிய விஷயம். கை கால் பழையபடி வேலை செய்வது அந்த 48 மணி நேரத்துக்கு அப்புறம் நடக்கிற கதை.

60 நாள் முடிந்த பிறகு அம்மாவுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபிக்குக் காசில்லை. அங்கே இடைவெளி விட்டுவிட்டுப் போய் அளவு மட்டும் பார்த்து வருகிறார். தினசரி வேலையை அம்மாவே செய்கிறார். அந்தத் தெரபிஸ்ட் முதல் வாரத்திலேயே அம்மாவின் வலது கட்டைவிரலைப் பிடித்து, எவ்வளவு அழுத்தினால் நிறம் வெளுக்கிறது என்று பழக்கிவிட்டிருந்தார். வெளியே நடமாட முடியாதவர்களாக இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் கேட்கலாம். வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அதில் உண்டு. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஆனால் நம் ஊர்க்காரர்களிலேயே பலர் அதைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் திட்டம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது கை 10 டிகிரி குறைவில் நிற்கிறது. கேன் இடுப்பில் இடிப்பதில்லை. மடிப்பின் நடுவில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது, போன தடவை சர்ஜன் ஒரு வருஷம் முடியட்டும் பார்க்கலாம் என்றார்.

எங்கள் கம்பெனி பாலிசி மார்ச்சில் ரினியூவல். சந்தையில் 90 நாள், 180 நாள் கொடுக்கும் பாலிசிகள் இருக்கின்றன. புறநோயாளிச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை சேர்த்துக்கொள்ளவும் முடியும். தீக்காயத்துக்கும் கை ஆபரேஷனுக்கும் மட்டுமாவது 60-ஐ 180 ஆக்கினால் பிரீமியம் எவ்வளவு ஏறும் என்று கேட்டு எச்ஆருக்கு மெயில் போட்டேன், அம்மாவின் இரண்டு அளவுகளையும் இணைத்து. புரோக்கரிடம் கேட்டிருக்கிறார்களாம். தொகை தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன். உங்கள் கம்பெனியிலும் ரினியூவல் நெருங்கினால் இதே கேள்வியைக் கேட்டு வையுங்கள்.